கோப்பில் எழுதாத வரிகள்

2014 நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவ நாள். அன்று கர்நாடகத்தின் பன்னிரண்டு ஊர்களுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் மாறியது. பெங்களூர் பெங்களூரு ஆனது, பெல்காம் பெலகாவி ஆனது, மைசூர் மைசூரு ஆனது. ஆனால் பழைய பெயரை எழுதிப் போட்ட தபால் இன்றும் மைசூருவுக்குப் போய்ச் சேருகிறது. ரயில் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு அப்படியே இருக்கிறது. 1916-ல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகம் பழைய பெயரிலேயே பட்டம் வழங்குகிறது. பத்திரத்தில் ‘மைசூர்’ என்று இருப்பதால் எவர் வீடும் எவர் கையை விட்டும் போகவில்லை.

ஒரு ஊரின் பெயரையே மாற்றியும் எதுவும் உடையாமல் போனதற்குக் காரணம், யாரும் வெளியே சொல்லாத ஓர் ஏற்பாடு. இனிப் புதிதாக எழுதுவது புதிய பெயரில் இருக்கும், ஏற்கெனவே எழுதியது செல்லும். தபாலைப் பிரிப்பவரும் பத்திரத்தைப் படிப்பவரும் மனிதர்கள். எந்தத் தாள் எந்தக் காலத்தது என்று அவர்களுக்குப் பார்த்தாலே தெரியும்.

கணினிக்கு அது தெரியாது. அதனால்தான் நம் எல்லோருக்கும் அந்தப் புதிர் பழக்கமாகியிருக்கிறது: இரவு ‘அப்டேட்’ போட்டோம், யாரும் எதையும் தொடவில்லை, நேற்றுவரை வேலை செய்தது காலையில் வேலை செய்யவில்லை. யாரும் தொடாத ஒன்று எப்படி மாறும்? இதற்கு விடை தேட மிகப் பொருத்தமான இடம் மின்னஞ்சல் சர்வர். உலகத்தின் கடிதப் போக்குவரத்து அதன் மேல் ஓடுகிறது. ஒருமுறை நிறுவினால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட அதே அமைப்பில் ஓடும். ஊர்ப்பெயர்கள் மாறிய மூன்றே மாதத்தில், 2015 பிப்ரவரியில், அந்தத் துறையில் ஒரு முக்கியமான மென்பொருள் தன் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்றியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களின் கடிதங்கள் தடைபடாமல் அதை எப்படிச் செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சொல்லாமல் விட்டால் யார் தீர்மானிப்பது?

எந்த மென்பொருளிலும் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய. மின்னஞ்சல் சர்வர் என்றால்: எந்தக் கணினிகளை நம்புவது, எவ்வளவு பெரிய கடிதத்தை ஏற்பது, போய்ச் சேராத கடிதத்தை எத்தனை நாள் வைத்திருந்து மறுபடி முயல்வது, இப்படி நூற்றுக்கணக்கில். இவை அனைத்தையும் நிர்வாகி ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும் என்றால் ஒருவரும் சர்வர் வைக்க மாட்டார்கள். அதனால் மென்பொருளை எழுதியவரே ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை உள்ளே வைத்துவிடுகிறார். நிர்வாகி வேறு பதில் எழுதாதவரை அதுவே செல்லும். டிஃபால்ட் என்று நாம் வாய்வழக்கில் சொல்வது இதைத்தான். தமிழில் முன்னிருப்பு என்று எழுதுகிறோம், நாம் வருவதற்கு முன்பே அங்கே இருப்பது என்ற பொருளில்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் இந்த முறையை நன்றாகப் பயன்படுத்திய மென்பொருள். நெதர்லாந்தில் பிறந்த வீட்சே வெனிமா, ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் இருந்தபோது இதை எழுதினார். 1998 டிசம்பரில் வெளியானது. அதற்கு முன் கோலோச்சிய சென்ட்மெயிலின் அமைவுக் கோப்பு, பழகாதவர்களை மிரட்டும் குறியீட்டு மொழியில் இருந்தது. வெனிமா அதை மாற்றி, ‘மெயின்.சிஎஃப்’ என்ற கோப்பில் பெயர், சமக்குறி, மதிப்பு என்று வரிக்கு வரி எழுதும்படி செய்தார். மாற்ற விரும்பியதை மட்டும் எழுதினால் போதும். ஒரு சிறு கல்லூரியின் சர்வருக்குப் பத்துப் பதினைந்து வரிகளில் வேலை முடிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ‘போஸ்ட்கான்ஃப்’ என்ற கட்டளையோடு ‘டி’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், மென்பொருளுக்குள் இருக்கும் எல்லா முன்னிருப்புகளும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘டி’க்குப் பதில் ‘என்’ கொடுத்தால், நிர்வாகி தன் கையால் எழுதிய வரிகள் மட்டும் வரும், அரைத் திரைகூட நிறையாது. இந்த இரண்டு பட்டியலுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம் புதிரின் விடை இருக்கிறது. அந்த அரைத் திரை வரிகள் நிர்வாகியுடையவை, மேம்படுத்தும்போது அவற்றை மென்பொருள் தொடாது. மீதி நூற்றுக்கணக்கான பதில்கள் மென்பொருளோடு வந்தவை. புதிய பதிப்பு வந்து அமரும்போது அவை அதோடு சேர்ந்தே மாறிவிடும். கோப்பில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, சர்வர் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

நல்ல பதில் எப்படிக் கெட்ட பதில் ஆகிறது?

அப்படியானால் முன்னிருப்புகளை மாற்றாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் வெளியுலகத்திலிருந்து வருகிறது.

‘எந்தக் கணினிகளை நம்புவது?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம்பும் கணினிகளிடமிருந்து வரும் கடிதத்தைச் சர்வர் உலகில் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம்பாதவற்றிடமிருந்து தன் ஊர்க்காரர்களுக்கு வரும் கடிதத்தை மட்டுமே வாங்கிக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸின் பழைய முன்னிருப்பு, தன்னோடு ஒரே உட்பிணையத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளையும் நம்புவது. அந்தக் காலத்தில் அது நியாயமான பதில். ஒரே உட்பிணையம் என்றால் பெரும்பாலும் ஒரே கட்டடம், ஒரே துறை. பக்கத்துக் கணினி பக்கத்து மேசையில் இருந்தது.

2015-ல் நிலைமை வேறு. சர்வரை மாத வாடகைக்கு எடுக்கிறோம். அது எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. அதே உட்பிணையத்தில் பக்கத்து எண்ணில் இருப்பது யாரோ முன்பின் தெரியாதவருடைய கணினி. அவர் குப்பை அஞ்சல் அனுப்புபவராக இருந்தால், நம் சர்வர் அவருடைய அஞ்சலை நம் பெயரில் உலகத்துக்கெல்லாம் கொண்டுபோகும். சில மணி நேரத்தில் நம் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு நம் உண்மையான கடிதத்தையும் யாரும் வாங்க மாட்டார்கள். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. பதிலைச் சரியாக வைத்திருந்த உலகம் மாறிவிட்டது.

எனவே புதிய பதில் வேண்டும்: தன்னை மட்டும் நம்பு, மற்றவற்றை நம்ப வேண்டுமானால் நிர்வாகி எழுதித் தரட்டும். இதைச் சொல்வது எளிது. ஆனால் மைசூருவில் ஒரு கல்லூரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சர்வரை 2003-ல் ஒருவர் நிறுவினார். நூலகக் கணினியும் தேர்வுப்பிரிவுக் கணினியும் பழைய முன்னிருப்பை நம்பித்தான் அதன் வழியாகக் கடிதம் அனுப்புகின்றன. நிறுவியவர் வேலை மாறிப் போய்விட்டார். அந்த நம்பிக்கை எங்கேயும் எழுதப்படவில்லை, ஏனென்றால் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. முன்னிருப்பை மாற்றிய மறுநாள் தேர்வுப்பிரிவின் கடிதங்கள் வெளியே போகாது.

இங்கே மென்பொருளை எழுதுபவர் ஓர் அடிப்படைச் சிக்கலை எதிர்கொள்கிறார். கோப்பில் ஒரு வரி இல்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ‘உங்கள் பதில் எனக்குத் தேவை, அதனால்தான் மாற்றவில்லை’ என்பது ஒன்று. ‘அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது’ என்பது மற்றொன்று. இரண்டும் கோப்பில் ஒரே மாதிரி, வெறுமையாகவே தெரியும்.

450 என்ற எண்ணின் அருமை

இந்தச் சிக்கலுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் கண்ட விடைகளில் ஒன்று 2002 இறுதியில் வந்த 2.0 பதிப்பில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் இன்னொரு முன்னிருப்பு மாறியது. அதற்கு முன்பு, நம் சர்வரில் இல்லாத ஆளுக்கு வந்த கடிதத்தையும் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக்கொண்டு, பிறகு அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். குப்பை அஞ்சல் பெருகிய பிறகு இது பெரிய சுமையாகிவிட்டது. இனி வாசலிலேயே ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

ஆபத்து என்ன? எல்லாச் சர்வர்களிலும் ஆட்களின் பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில இடங்களில் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாத வேறொரு தரவுத்தளத்தில் இருக்கும். அங்கே மேம்படுத்தினால் இருக்கும் ஆட்களையே ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும்போது மூன்றிலக்க எண்களில் பதில் சொல்கின்றன. 5-ல் தொடங்கினால் ‘நிரந்தரமாக இல்லை, திரும்ப முயலாதே’ என்று பொருள். கடிதம் உடனே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். 4-ல் தொடங்கினால் ‘இப்போது முடியவில்லை, பிறகு வா’ என்று பொருள். அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வழக்கமாக நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். மென்பொருளுக்குள் இருந்த முன்னிருப்பு 550. பழைய சர்வரை மேம்படுத்துபவர்களுக்கோ, மேம்படுத்தும் நிரலே அவர்களுடைய கோப்பில் 450 என்று ஒரு வரியைச் சேர்த்தது.

அந்த ஒரு வரி செய்த நன்மையைப் பாருங்கள். புதிய நடைமுறை அமலுக்கு வந்துவிட்டது. பட்டியல் தவறாக இருந்தாலும் ஒரு கடிதமும் தொலையாது, அனுப்பியவரிடம் காத்திருக்கும். நிர்வாகி சர்வரின் பதிவேட்டைப் (லாக்) பார்த்து, ‘இந்த ஆள் இருக்கிறாரே, ஏன் மறுக்கிறோம்?’ என்று திருத்திக்கொள்ள நாலைந்து நாள் அவகாசம் கிடைக்கும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு 450-ஐ 550 ஆக்கிக்கொள்ளலாம். தவறு நேர்ந்தால் அது திருத்தக்கூடிய தவறாக இருக்க வேண்டும் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் செய்ய முடியாது.

ஆனால் இந்த வழி எல்லா மாற்றத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிர்வாகியின் கோப்பில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், அது அவர் கோப்பாக இருக்காது. ஏன் வந்தது என்று தெரியாத வரிகள் பெருகும். தெரியாத வரியை எடுக்க எவருக்கும் துணிச்சல் வராது. பழைய பதில்கள் நிரந்தரமாக உறைந்துபோகும்.

ஒரே ஓர் எண்

2015 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பு இதைவிட ஆழமான விடையைக் கொண்டுவந்தது. கோப்பில் ஒரே ஒரு புதிய வரி. அதை இணக்க நிலை என்று சொல்லலாம்: இந்தச் சர்வர் எந்தக் காலத்து முன்னிருப்புகளை நம்பி நிறுவப்பட்டது என்பதைச் சொல்லும் எண்.

ஏற்பாடு எளியது. 3.0 பதிப்பைப் புதிதாக நிறுவினால், அதனோடு வரும் மெயின்.சிஎஃப் கோப்பில் இணக்க நிலை 2 என்று எழுதியிருக்கும். பழைய சர்வரை மேம்படுத்தினால் அதன் கோப்பு தொடப்படாது, எனவே அதில் இந்த வரியே இருக்காது. வரி இல்லை என்றால் இணக்க நிலை 0. இவ்வளவு நாள் தொல்லை தந்த அதே வெறுமை இப்போது உருப்படியான ஒரு தகவலைச் சொல்கிறது: ‘நான் 3.0-க்கு முந்தையவன்.’

முன்னிருப்புகளும் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டன. எந்தக் கணினிகளை நம்புவது என்ற கேள்விக்கு முன்பு ‘உட்பிணையம்’ என்ற ஒரே பதில்தான் உள்ளே இருந்தது. இப்போது உள்ளே இருப்பது ஒரு நிபந்தனை: இணக்க நிலை 2-க்குக் கீழே என்றால் உட்பிணையம், இல்லையென்றால் இந்தக் கணினி மட்டும். ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு, இரண்டு தலைமுறைச் சர்வர்களிடமும் அவரவர் எதிர்பார்த்தபடி நடந்துகொள்கிறது. மைசூரின் பழைய பத்திரமும் புதிய பெயர்ப்பலகையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாவது போலத்தான் இது. வேறுபாடு, எது எந்தக் காலத்தது என்று கணினிக்குத் தெரியும்படி ஓர் எண்ணாக எழுதியாயிற்று.

இதோடு நின்றிருந்தால் பழைய சர்வர்கள் பழைய ஆபத்தோடே என்றென்றும் இருந்திருக்கும். இந்த வடிவமைப்பின் உயிர் அடுத்த படியில் இருக்கிறது. இணக்க நிலை குறைவாக உள்ள சர்வர், பழைய முன்னிருப்பின்படி நடக்கும் இடங்களில், அந்தப் பழைய பதிலால் விளைவு வேறுபட்டால், அதைப் பதிவேட்டில் எழுதுகிறது.

கல்லூரியின் பதிவேட்டைத் திறந்து பார்ப்போம். தேர்வுப்பிரிவுக் கணினி ஒரு கடிதம் அனுப்புகிறது. புதிய விதிப்படி அது நம்பத்தக்க கணினி இல்லை, பழைய விதிப்படி நம்பத்தக்கது. போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை எடுத்துக்கொள்கிறது. கூடவே, பழைய முன்னிருப்பைப் பயன்படுத்தி இன்ன எண்ணுள்ள இன்ன கணினியின் கோரிக்கையை அனுமதிக்கிறேன் என்று ஒரு வரி எழுதுகிறது. அந்தக் கணினியின் பெயரும் பிணைய எண்ணும் அந்த வரியிலேயே இருக்கும். இன்னொரு வரி இப்படி இருக்கலாம்: யாரோ ஒருவர் முகவரியில் ஊர்ப் பகுதியை முழுதாக எழுதாமல் ‘லேப்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார், பழைய முன்னிருப்பின்படி அதன் பின்னால் கல்லூரியின் பெயரை ஒட்டி முழுமையாக்கினேன் என்று.

இந்த வரிகள் நிர்வாகியின் கையில் ஒரு வேலைப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பழைய நடத்தை தேவை என்றால், அந்த ஓர் அமைப்பை மட்டும் தன் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடலாம். அதன்பின் அது அவருடைய முடிவு, எந்த மேம்படுத்தலும் அதைத் தொடாது. தேவையில்லை என்றால், அனுப்பும் கணினியின் பக்கம் திருத்தச் சொல்லலாம். பதிவேட்டில் இந்த வகை வரிகள் வருவது நின்ற பிறகு இணக்க நிலையை 2 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது.

2021-ல் வந்த 3.6 பதிப்பு இந்த எண்ணைப் பதிப்பு எண்ணாகவே எழுதும்படி ஆக்கியது. இணக்க நிலை 3.6 என்றால் அந்தப் பதிப்பின் முன்னிருப்புகளை ஏற்கிறேன் என்று பொருள். டெபியன் லினக்ஸில் இன்று போஸ்ட்ஃபிக்ஸை நிறுவிக் கோப்பைத் திறந்தால் இந்த வரியும், புதிதாக நிறுவுவோருக்கு மட்டும் இந்த எண் என்ற குறிப்பும் கண்ணில் படும். அதே 3.6 பதிப்பில் சில அமைப்புகளின் பெயர்களே மாறின. கறுப்புப் பட்டியல், வெள்ளைப் பட்டியல் என்ற பெயர்கள் போய் மறுப்புப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்று வந்தன. பழைய பெயரில் எழுதிவைத்திருந்தவர்கள் தவிக்கவில்லை. புதிய பெயரின் முன்னிருப்பே ‘பழைய பெயரில் ஏதாவது எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள்’ என்று அமைக்கப்பட்டது.

நமக்கு எப்படித் தெரியும்?

இதில் என்னை மிகவும் கவர்வது, தெரிந்துகொள்ளும் முறை. ஒரு சர்வர் பழைய முன்னிருப்பைச் சார்ந்திருக்கிறதா என்பதைக் கோப்பைப் படித்து அறிய முடியாது. நிர்வாகியைக் கேட்டாலும் பயனில்லை, நிறுவியவர் அங்கே இல்லை. மென்பொருளின் ஆசிரியர் ஊகிக்கவும் முடியாது. உண்மையில் ஓடும் கடிதங்களைக் கவனித்தால் மட்டுமே தெரியும். எனவே கவனிக்கும் வேலையைச் சர்வரிடமே ஒப்படைத்தார்கள். மருந்தைக் கொடுத்துப் பார்த்து விளைவை அறிவது ஒரு வகைச் சோதனை. மருந்து கொடுக்காமலே, கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு நிகழ்விலும் கணக்கிட்டுச் சொல்வது இந்தச் சோதனை. நோயாளிக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

இந்த முறையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவேடு, கவனித்த காலத்தில் நடந்ததை மட்டுமே சொல்லும். ஒரு மாதம் பார்த்து ஒரு வரியும் வரவில்லை என்பதால் எல்லாம் பாதுகாப்பு என்று முடிவு செய்யக் கூடாது. கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கைக் காலத்தில் மட்டும் விழித்தெழும் ஒரு நிரல் இருக்கலாம். தேர்வு முடிவு வரும் வாரம் மட்டும் கடிதம் அனுப்பும் கணினி இருக்கலாம். ஆகவே எவ்வளவு நாள் கவனிப்பது என்பதை அந்த நிறுவனத்தின் ஆண்டுச் சுழற்சி தீர்மானிக்க வேண்டும். கல்லூரி என்றால் ஒரு முழுக் கல்வியாண்டு.

தமிழில் ஒரு முகவரி

இதெல்லாம் நிர்வாகிகளின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 3.0-ல் இணக்க நிலையோடு கட்டப்பட்ட முன்னிருப்புகளில் ஒன்று நேரடியாக நம் மொழியைப் பற்றியது.

மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது முகவரிகளில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. கடிதத்தின் உள்ளே தமிழ் வந்துவிட்டது, முகவரியில் வர முடியவில்லை. 2012-ல் புதிய தரநிலை வந்தது: உலகின் எந்த எழுத்திலும் முகவரி இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வாங்கும் சர்வர் ‘எனக்கு இது புரியும்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காத சர்வருக்கு அப்படிப்பட்ட முகவரியுள்ள கடிதத்தைக் கொடுக்கக் கூடாது, அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். ஜிமெயில் 2014-ல் இத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறத் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸுக்கு இந்தத் திறன் 3.0-ல் வந்தது. சீனாவின் இணையத் தகவல் மையத்தின் நிதியுதவியோடு ஆர்ன்ட் குல்பிரான்ட்சென் அதன் தொடக்க நிரலை எழுதினார். தங்கள் எழுத்தில் முகவரி வேண்டும் என்ற சீனர்களின் அக்கறை தமிழுக்கும் வழி திறந்தது.

இந்த அமைப்பின் முன்னிருப்பு என்னவாக இருக்க வேண்டும்? ‘ஆம்’ என்று வைத்தால், பழைய சர்வர்களில் ஒரு வழக்கம் உடையும். அதுவரை சில நிரல்கள் ஆங்கிலமல்லாத எழுத்துகளைத் தரநிலை இல்லாமலே முகவரியில் திணித்து அனுப்பிவந்தன, போஸ்ட்ஃபிக்ஸும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. புதிய முறை ஒழுங்கைக் கேட்கும், அறிவிக்காமல் அனுப்பினால் மறுக்கும். ‘இல்லை’ என்று வைத்தால் தமிழ் முகவரிக்கு வாசலே திறக்காது. விடை, நாம் பார்த்த அதே ஏற்பாடு: இணக்க நிலை 1-க்குக் கீழே ‘இல்லை’, 1 முதல் ‘ஆம்’.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். பழைய சர்வரை மேம்படுத்தி, இணக்க நிலையைத் தொடாமலே விட்ட ஒவ்வோர் இடத்திலும் தமிழ் முகவரிகள் இன்றும் திருப்பப்படும். மென்பொருளுக்குத் திறன் இருக்கும், வாசல் மட்டும் மூடியிருக்கும். ஜெய்ப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2016-லேயே ‘டேட்டாமெயில்’ என்ற சேவையின் மூலம் இந்திய மொழிகளில் முகவரி கொடுக்கத் தொடங்கியது. இணையத்தின் உச்ச நிலைப் பெயர்களில் ‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. மைசூருவில் 1969 முதல் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் இயங்குகிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2008-ல் சென்னைக்கு வரும்வரை அந்த வளாகத்தில்தான் இருந்தது. மொழிக்காகக் கட்டடங்களும் ஆய்வுகளும் நமக்கு உண்டு. ஆனால் ஒரு தமிழாசிரியர் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதிய முகவரியிலிருந்து அனுப்பும் கடிதம் போய்ச் சேருமா என்பதை, வாங்கும் ஊரில் யாரும் எழுதாத ஒரு வரி தீர்மானிக்கிறது. முன்னிருப்பு என்பது நடுநிலையான ஒன்று இல்லை. பெரும்பாலோர் எதையும் மாற்றமாட்டார்கள் என்பதால், பெரும்பாலோருக்கு அதுவே சட்டம்.

காத்திருக்க முடியாதபோது

மெதுவாகப் போவது எப்போதும் சரியாகாது. 2023 டிசம்பரில் எஸ்இசி கன்சல்ட் நிறுவனத்தின் டிமோ லாங்கின் ஒரு தாக்குதல் முறையை வெளியிட்டார். கடிதம் முடிந்தது என்பதைச் சர்வர்கள் ஒரு வரியில் தனியாக நிற்கும் புள்ளியால் அறிகின்றன. வரி முடிவைக் காட்ட இரண்டு குறிகள் சேர்ந்து வர வேண்டும் என்பது விதி. ஒரு குறி மட்டும் வந்தாலும் பல சர்வர்கள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டன. அனுப்பும் சர்வர் ‘இது கடிதத்தின் நடுப்பகுதி’ என்று நினைப்பதை வாங்கும் சர்வர் ‘கடிதம் முடிந்தது’ என்று படித்தால், மீதியுள்ள எழுத்துகள் வேறொருவர் பெயரில் வந்த இரண்டாம் கடிதமாகிவிடும். அப்படிப் போலிக் கடிதங்களைக் கடத்த முடியும்.

ஒற்றைக் குறியை மறுக்கும் திருத்தத்தை போஸ்ட்ஃபிக்ஸ் சில நாட்களிலேயே 3.5 முதல் 3.8 வரை நான்கு வரிசைகளுக்கும் கொடுத்தது. ஆனால் அவற்றில் முன்னிருப்பு ‘இல்லை’. பாதுகாப்புத் திருத்தத்துக்காக மட்டும் புதுப்பிப்பவரின் சர்வர் நடத்தை திடீரென்று மாறக் கூடாது என்பது அவர்களின் கொள்கை, வேண்டுபவர் ஒரு வரி எழுதி இயக்கிக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் வந்த 3.9-ல் பாதுகாப்பு முன்னிருப்பாகவே இயங்கியது, தன் சொந்தப் பிணையத்துப் பழைய கருவிகளுக்கு மட்டும் விலக்கு. இங்கே இணக்க நிலைக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு முன்னிருப்பு தன் சொந்தக்காரருக்கு மட்டும் தொல்லை தந்தால் அவருடைய வசதிக்காகக் காத்திருக்கலாம். பிறருக்குத் தீங்கு செய்யுமானால் அந்த அவகாசம் சுருங்கியே ஆக வேண்டும்.

கடிதங்களைச் சேமித்து வாசகருக்குக் காட்டும் டவ்காட் என்ற மென்பொருள் 2025 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் வேறு வழி எடுத்தது. அமைவுக் கோப்பின் முதல் வரியிலேயே அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தொடங்கவே மாட்டேன். 2.3-க்கு எழுதிய கோப்புகளை எல்லோரும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. வேலை அதிகம், ஆனால் இனி வரும் மாற்றங்களுக்கு ஊகம் தேவையில்லை. வழி வேறானாலும் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: எழுதாமல் விட்டதற்கும் ஒரு காலம் உண்டு, அந்தக் காலத்தைக் கோப்பு சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியல் முடித்து மைசூருவில் உள்ள மென்பொருள் பயிற்சி வளாகத்துக்குச் செல்லும் இளைஞர்கள் ஆண்டுதோறும் பலர். நாளை அவர்கள் எழுதப்போகும் மென்பொருள்களிலும் நூற்றுக்கணக்கான முன்னிருப்புகள் இருக்கும், அவற்றில் சில பத்தாண்டில் தவறாகிப்போகும். அவர்களிடம் சொல்ல விரும்புவது இது: முதல் பதிப்பிலேயே, மாற்ற வேண்டிய எதுவும் இல்லாத நாளிலேயே, கோப்பில் அந்த ஓர் எண்ணுக்கு இடம் வையுங்கள். பிறகு மாற்றம் வரும்போது, நடத்தை வேறுபடும் இடத்தில் மட்டும், யாருக்கு, எதனால் என்ற விவரத்தோடு சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வேலை இன்னும் சிறியது. போஸ்ட்கான்ஃப் கட்டளையைக் கொடுத்து இணக்க நிலை என்னவென்று பாருங்கள். அது 0 என்றால், பழைய முன்னிருப்புகளைப் பற்றிய வரிகளைப் பதிவேட்டில் தேடுங்கள். தேர்வுப்பிரிவுக் கணினி தேவை என்றால் அதைப் பெயர் சொல்லி எழுதிவிட்டு, எண்ணை உயர்த்துங்கள். உங்கள் சர்வர் அன்றே பக்கத்து அந்நியரை நம்புவதை நிறுத்தும், தமிழ் முகவரியை ஏற்கத் தொடங்கும்.